எல்லையை வகுத்த கிராமம்

1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமானபோது சித்தூர் ஜில்லாவோடு அதன் ஆளுகைக்குள் போய்விட்ட திருத்தணி, 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு வந்து சேர்ந்ததைப் பலரும் அறிவார்கள். எந்த அளவுகோலைக் கொண்டு வந்து சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. தமிழறிஞர் மங்கலங்கிழார் ஊட்டிய தமிழுணர்ச்சியும், வடக்கெல்லைப் போராட்டத்துக்கு ம.பொ.சிவஞானம் தந்த தலைமையும், திருத்தணி வழக்கறிஞர் கே.விநாயகத்தின் உழைப்பும், பெயர் பதிவாகாத எத்தனையோ பேர் மறியல்களிலும் சிறைகளிலும் பட்ட இன்னல்களும் ஒன்றுகூடி, முடிந்துபோனதாகக் கருதப்பட்ட விஷயத்தை மறுபடி விசாரிக்கச் செய்தன. மத்தியஸ்தராக வந்த எச்.வி.படாஸ்கர், தாலுகாவை மொத்தமாகத் தூக்கி ஒரு பக்கம் கொடுத்துவிடாமல், கிராமத்தையே அலகாக வைத்து, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, நிலத் தொடர்ச்சியால் அது எந்தப் பக்கம் சேரும் என்று பார்த்தார். அந்த நியாயப்படி தமிழ்நாட்டுக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்கும் போயின. அதனாலேயே அத்தீர்ப்பு நிலைத்தது என்பது என் அபிப்பிராயம்.

ராஜ்யத்தின் எல்லையையே நிர்ணயிக்கத் தகுந்ததென மதிக்கப்பட்ட கிராமத்துக்கு, தன் குடிநீர்த் தொட்டி எங்கே அமையவேண்டும், எந்த ஏரிக்கால்வாயை முதலில் தூர்வாரவேண்டும் என்று சொல்லும் தகுதி இல்லாமற் போகுமா? அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தமும், அதையொட்டி வந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அந்தத் தகுதியைக் கிராம சபை என்ற பெயரால் அங்கீகரித்திருக்கின்றன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். எவருடைய அழைப்பும் சிபாரிசும் வேண்டியதில்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களோடு, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய தினங்களிலும் அது கூடுகிறது. வரவு செலவுக் கணக்கும், ஊரக வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கையும், அரசாங்க வீடு பெறுவோர் பட்டியலும் அங்கே வைக்கப்படவேண்டியவை.

ஆனால் கணக்கை வேகமாகப் படித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கலைந்துவிடும் கூட்டத்தைச் சபை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்ற கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று என்ற கேள்வியே ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் எழவேண்டும்; அதற்கு அதிகாரி தரும் பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும்.

இந்த எல்லைப்புறத்துக்கு மற்றுமொரு கடமையும் உண்டு. பெரும்பான்மையோரின் மொழியைப் பார்த்துக் கிராமங்களைப் பிரித்த பின்னும், கோட்டின் இப்பக்கம் தெலுங்கு பேசுவோரும் அப்பக்கம் தமிழ் பேசுவோரும் வாழ்ந்துவருகிறார்கள். தாய்மொழியின் பொருட்டுச் சிறை சென்றவர்களின் ஊரில், தெலுங்கு மட்டுமே நன்கறிந்த ஒரு மூதாட்டி எழுந்து தன் தெருவிளக்கைப் பற்றித் தெலுங்கிலேயே பேசினால், அதையும் பொறுமையோடு கேட்டுக் குறித்துக்கொண்டு, தீர்மானத்தை அவளுக்குப் புரியும்படி படித்துக் காட்டிய பிறகே அவளிடம் கையெழுத்து வாங்கவேண்டும்.