அடுப்படியில் ஒளித்த ஏடு

கூடுவாஞ்சேரியில் செங்கல்பட்டு ரயில் ஏறினால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், அடுத்தது சிங்கப்பெருமாள் கோவில். நாலாவது ஸ்டேஷன். அங்கே மலையடியில் இருக்கும் நரசிம்மரைப் பார்க்க எத்தனையோ முறை போயிருக்கிறேன். புளியோதரை வாங்கியிருக்கிறேன், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றியிருக்கிறேன், ஒரு சனிக்கிழமை புதுச் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு ரயிலேறியிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு விழும் என்ற பயத்தில் சென்னையே காலியாகிக்கொண்டிருந்த நாட்களில், எழுத்தாளர் வை.மு. கோதைநாயகி இந்த ஊரில் வந்து குடியிருந்துதான் தன் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார் என்பது மட்டும் போன மாதம் வரை எனக்குத் தெரியாது.

தெரிந்த நாளிலிருந்து அந்த ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் தலை திரும்பிவிடுகிறது. காகிதத்துக்குத் தட்டுப்பாடான காலம். அச்சடித்த கட்டுகளை எந்த வண்டியில் ஏற்றியிருப்பார்? அன்றைக்குச் சமையல் யார் செய்திருப்பார்கள்?

இந்த இரண்டாவது கேள்வி கொஞ்ச காலமாகவே என்னோடு இருக்கிறது. வேலையை விட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்து ஏழு வருஷமாகிறது. "சும்மாதானே இருக்கீங்க?" என்று கேட்டவர்களை எண்ணுவதை விட்டு ஆறு வருஷம். 2019ல் மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தி, யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று பார்த்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். இதை வாசித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர், "தொண்ணூற்றேழா? பரவாயில்லையே!" என்றார்.

எனக்கென்று இருப்பது பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததிலிருந்து ஸ்கூல் வேன் வரும் வரையிலான இரண்டு மணி நேரம். அதிலும் தண்ணி கேன் வரும், கூரியர் வரும், மாமியார் போன் வரும். துப்பறியும் நாவலை அந்த நேரத்தில் படிக்க முடியாது. கொலைகாரன் யார் என்று நினைவில் வைத்திருப்பதற்குள் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது மறந்துபோகும். பெண்கள் தங்கள் நாளைத் தாங்களே சொல்லும் எழுத்துதான் எனக்கு ஒத்துவருகிறது. எந்தப் பக்கத்தில் விட்டாலும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோல. கிடைத்ததையெல்லாம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். நான்கைந்து புத்தகங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரே விஷயத்தைத் தேடினேன். இதை இவள் எப்போது எழுதினாள்? அப்போது பிள்ளை யார் கையில் இருந்தது?

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தமிழ்ப் புத்தகம் இல்லை. ராஸசுந்தரி தேவி என்ற வங்காளப் பெண் எழுதிய 'அமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. வங்காளப் பெண் எழுதிய முதல் சுயசரிதை. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. பன்னிரண்டு வயதில் கல்யாணம். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போக, இருபத்தைந்து பேருக்கு இரண்டு வேளையும் சமைக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. பதினெட்டு வயதில் முதல் பிரசவம், நாற்பத்தொன்றில் கடைசி. மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள், அதில் ஏழு பேரைத் தன் கண்முன்னே பறிகொடுத்தார்.

பெண் படித்தால் விதவையாகிவிடுவாள் என்று நம்பிய காலம் அது. பிறந்த வீட்டின் வெளித் திண்ணையில் பையன்களுக்கு நடந்த பள்ளிக்கூடத்தில் ஓரமாக உட்கார்த்தி வைக்கப்பட்டபோது, யாருக்கும் தெரியாமல் எழுத்துகளைக் காதில் வாங்கி மனதில் போட்டுவைத்திருந்தார். புகுந்த வீட்டில் ஒருநாள், கணவர் 'சைதன்ய பாகவத'த்தை அடுப்படியில் வைத்துவிட்டு, பிறகு எடுத்து வரச் சொல்லி மகனிடம் கூறிவிட்டுப் போகிறார். அன்றைய புத்தகம் தைத்ததல்ல, தனித்தனி ஏடுகள்தான். அதில் ஒரே ஓர் ஏட்டை உருவி ஒளித்துக்கொண்டார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஓலையில் இருக்கும் எழுத்து, ஏட்டில் இருக்கும் எழுத்து, சிறு வயதில் காதில் விழுந்த ஒலி, இந்த மூன்றையும் சமைத்துக்கொண்டே ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டார். அப்போது வயது இருபத்தைந்து, இருபத்தாறு. சாமி புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திருடியது தப்பா என்று அந்தம்மா எவ்வளவு குழம்புகிறார்! எனக்கோ, யார் கண்ணிலும் படாமல் ஒன்றை வைக்க அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த இடம் அடுப்படி ஒன்றுதான் என்பது பெரிதாகப்பட்டது. ஆண்கள் கை நுழையாத இடம். அலுவலகத்துக்குப் போய்வந்த காலத்தில் எனக்கு இது புரிந்திருக்காது.

படிக்கத்தான் கற்றார், எழுத வெகுநாள் ஆனது. கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்த மகன் ஒருவர், "என் கடிதத்துக்கு ஏன் பதில் போடுவதில்லை?" என்று குறைபட்டு, காகிதமும் பேனாவும் மைக்கூடும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் எழுதப் பழகினார். நம் பிள்ளைகள் நமக்கு வாட்ஸ்அப் கற்றுக்கொடுப்பதைப்போல என்று ஒரு பென்சில் குறிப்பு ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு குதிரை வருகிறது. அதற்குப் பெயர் ஜெயஹரி. கணவரின் குதிரை. முற்றத்தில் நெல் குவித்திருக்கிறது, குதிரை வந்து அதைத் தின்கிறது. விரட்டவேண்டிய எஜமானி உள்ளே ஓடி ஒளிந்துகொள்கிறார். கணவரின் குதிரை அல்லவா, அதன் கண்ணில் எப்படிப் படுவது! பிறகு ஒருநாள் தன்னைத் தானே கேட்டுக்கொண்டு, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று வெளியே வருகிறார். முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

இன்னோர் இடம். சமைத்து எல்லோருக்கும் பரிமாறி, தனக்கென்று வைத்த சோற்றையும் வந்த விருந்தாளிக்குப் போட்டுவிடுகிறார். மறுபடி உட்காரும்போது பிள்ளை அழுகிறது. இப்படியே இரண்டு நாள் பட்டினி, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அத்தனை பேர் இருந்த வீட்டில்! இதை அவர் புலம்பாமல், ஒரு வேடிக்கையைப்போலச் சொல்கிறார். பகல் இரண்டே கால் மணிக்கு, ஆறிப்போன ரசம் சாதத்தைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். அந்தம்மா பிறந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

கோதைநாயகியின் கதை இதற்குக் கிட்டத்தட்ட நேர் எதிர். 1901ல் பிறந்தவர், ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதிக்குக் கல்யாணம் செய்து வைக்கப்பட்டார். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போனார். இவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். எழுத வராததால் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை இவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். 1924ல் அது அச்சானது. மறு வருஷமே, நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி'யை வாங்கித் தாமே ஆசிரியரானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார், நூற்றுப் பதினைந்து நாவல் எழுதினார். நடுவில் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனார், மேடையில் பேசினார், பாடினார்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அவர் நாவல்கள் எனக்கு முழுதாக ஏறவில்லை. நல்லவர்கள் மிக நல்லவர்கள், கெட்டவர்கள் கடைசியில் திருந்துகிறார்கள், நடுவில் நீளமாக உபதேசம். ஆனால் அந்தத் தோழியை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். தமிழ் இலக்கிய வரலாற்றில் பட்டம்மாளுக்கு ஒரு வரிதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

1956ல் ஒரே மகனை இழந்தார் கோதைநாயகி. அதற்குப்பின் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காசநோய் கண்டு தாம்பரம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1960 பிப்ரவரியில் இறந்தார். அந்த மருத்துவமனை இருக்கும் சானடோரியம் ஸ்டேஷன் கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம், சிங்கப்பெருமாள் கோவில் இந்தப் பக்கம். என் சீசன் டிக்கெட் தூரத்துக்குள்ளேயே அவர் வாழ்க்கையின் பின்பாதி கிடக்கிறது.

கவிஞர் சல்மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். மளிகை சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படித்தவர். கல்யாணத்துக்குப் பின் ராத்திரியில் குளியலறைக்குள் போய் எழுதினார். துணி மூட்டைக்குள் மறைத்து அவருடைய அம்மா அந்தக் கவிதைகளை வெளியே அனுப்பி வைத்தார். மறுபடியும் பாருங்கள், அடுப்படி, குளியலறை, அழுக்குத் துணி. இவரது 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004ல் வந்த நாவல். சுயசரிதை என்று அதைச் சொல்லக்கூடாது, ஆனால் அந்தப் பெண்கள் பேசுகிற பேச்சு கற்பனையில் மட்டும் வருகிற பேச்சு இல்லை. பெரிய புத்தகம். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கதை நகரவேயில்லை என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் கதை அப்படித்தான் நகரும்.

பேபி ஹால்தாரைப் படிக்க வைத்தது நந்தனம் புத்தகக் கண்காட்சியில் கிடைத்த ஒரு பழைய பிரதி. பன்னிரண்டு வயதில் கல்யாணம், அடுத்த வருஷமே தாய். மூன்று பிள்ளைகளோடு கணவனை விட்டு ரயிலேறி டெல்லிப் பக்கம் வந்து, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். குர்கானில் அவர் வேலைக்குச் சேர்ந்த வீடு பிரபோத் குமார் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியருடையது. அவர் இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண்ணின் கை வங்காளப் புத்தகங்களில் நின்று நின்று போவதை அவர் கவனித்தார். முதலில் தஸ்லிமா நஸ்ரின் தன் சிறுவயதைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, உன் கதையை எழுது என்றார். பிள்ளைகள் தூங்கிய பிறகும், வேலைகளுக்கு நடுவிலும் எழுதியது 2002ல் இந்தியில் புத்தகமானது. அதில் 'நான்' என்று ஆரம்பித்த வாக்கியம் திடீரென்று 'பேபி' என்று மூன்றாம் ஆளாக மாறும். எழுத்துப் பிழை என்று நினைத்தேன் முதலில். தாங்க முடியாத இடம் வரும்போதெல்லாம் தன்னைத் தள்ளி நிறுத்திப் பார்க்கிறாள் என்று போகப்போகத்தான் பிடிபட்டது.

இன்னொருத்தியின் கதையைப் படித்ததால் தன் கதையை எழுதியவள். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஒரு சமையல் புத்தகத்தையும் சேர்ப்பேன். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', 1951. சின்ன வயதில் கணவரை இழந்தவர், நகையை விற்றுப் புத்தகம் போட்டவர். அதன் செய்முறைகளில் 'நான்' என்ற பேச்சே இல்லை. ஆழாக்கும் பலமும் மட்டும்தான். ஆனாலும் வற்றல்குழம்புப் பக்கத்தைப் படிக்கும்போது, பின்னால் யாரோ நின்று, "அவசரப்படாதே, எண்ணெய் பிரியட்டும்" என்று சொல்வதுபோலவே இருக்கும்.

எதிர் வீட்டு அக்காவுக்கு இங்கிலீஷ் புத்தகம் வராது. மதுராந்தகம் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பத்தெட்டு வயது, மருமகள் வேலைக்குப் போவதால் பேரனைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்திருக்கிறார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் ராஸசுந்தரியின் குதிரைக் கதையைச் சொன்னேன். கையிலிருந்த முருங்கைக் கொத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இதெல்லாம் ஒரு அதிசயமாம்மா? எங்க தாத்தா பேரு முருகேசன். எங்க ஆயா சாகிற வரைக்கும் முருகா-ன்னு வாய்விட்டுக் கூப்பிட்டதில்ல. கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனா எல்லாரும் முருகாம்பாங்க, அது மட்டும் 'எங்க வீட்டுக்காரர் பேரு வச்ச சாமி, காப்பாத்து'ங்கும். ரேஷன் கடையில குடும்பத் தலைவர் பேரு கேட்டா என்னைத் தள்ளிவிடும், நீ சொல்லுடின்னு. எனக்கு ஆறு வயசு."

"அக்கா, இதை எழுதுங்களேன்."

"போம்மா. நான் எழுதி யாரு படிக்கப் போறா?"

"நான் படிப்பேன்."

பையன் பாதி எழுதி விட்டிருந்த போன வருஷத்து நாற்பது பக்க நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதில் பால் கணக்கு ஏறியிருந்தது. ஆறாம் தேதி அரை லிட்டர், ஏழாம் தேதி ஒரு லிட்டர், எட்டாம் தேதி வேண்டாம். பக்கத்தைத் திருப்பினேன். அங்கே நடுவில் 'எங்க ஆயா பேரு குப்பம்மாள்' என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.