சேர மறுக்கும் இரு உலோகங்கள்

எடை குறைய வேண்டுமா? அலுமினியம். வலிமையோடு வெப்பத்தையும் தாங்க வேண்டுமா? டைட்டானியம். விமானப் பாகங்களில் சில வேளைகளில் இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். அவற்றை உருக்கிப் பற்றவைத்தால், அதாவது நாம் பேச்சில் சொல்லும் வெல்டிங் செய்தால் என்ன ஆகும்?

அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். டைட்டானியத்திற்கோ 1,668 பாகை வேண்டும். இரண்டும் உருகிக் கலந்தால் இடையில் டைட்டானியம் அலுமினைடு என்ற சேர்மம் தடித்த படலமாக உருவாகிறது. அது எளிதில் நொறுங்கக்கூடியது. குளிரும்போது அலுமினியம் டைட்டானியத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் சுருங்குவதால், அந்த இழுவையில் படலம் விரிசல் விடுகிறது.

ஆகவே உருக்காமலே சேர்க்கும் வழி தேவைப்பட்டது. 1991-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பற்றவைப்பு ஆய்வுக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட உராய்வுக் கிளறல் முறை அதற்குக் கைகொடுத்தது. இதில் சுழலும் கருவி ஒன்று, உராய்வின் சூட்டால் அலுமினியத்தைப் பிசைந்த மாவுபோல் இளக்கிக் கிளறுகிறது. கருவியின் முனையைப் பெரும்பாலும் அலுமினியப் பக்கமே வைத்து, டைட்டானியத்தின் விளிம்பை இலேசாக உரசச் செய்வார்கள். சூடு குறைவதால் படலமும் மெலிதாகவே அமைகிறது.

நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படலம் முழுக்க வேண்டாத ஒன்றல்ல. வினையே நடக்காவிட்டால் உலோகங்கள் உறுதியாக ஒட்டா. வினை மிகுந்தால் ஒட்டிய இடமே முறியும். கருவியின் சுழற்சி வேகத்தையும் முனையின் இடத்தையும் பார்த்துப் பார்த்து அமைப்பது இதற்காகத்தான்.