மலைக்கு உரிய பங்கு

நீலகிரியில் பிறக்கும் பவானியும் மாயாறும் பவானிசாகர் அணையில் வந்து சேர்கின்றன. கீழ்பவானிக் கால்வாயை நம்பி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் சுமார் 2 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. மேலே சோலைக்காடு நின்றால்தான் கோடையிலும் ஓடையில் நீர் ஓடும். மண் சரிந்தால் அணை தூர்ந்துபோகும். அந்தச் சரிவுகளைக் காக்கும் செலவை மலையில் வாழும் சிறு தேயிலை விவசாயியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. 1970-களில் மத்திய அரசு கொண்டுவந்த மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டமும் மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டமும் இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டவை. முன்னதில் நீலகிரி சேர்ந்தது. பின்னது மகாராஷ்டிரம் முதல் தமிழகம் வரை மலையோரத் தாலுகாக்களைக் கணக்கிட்டு நிதி கொடுத்தது.

2015-ல் மத்திய அரசு இந்த நிதியை நிறுத்தியது. 14-ஆவது நிதிக்குழு வரிப் பகிர்வை 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்திவிட்டது, இனி மாநிலங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட வாதம். மாநில உரிமை என்ற அளவில் அது சரியான வாதம்தான். ஆனால் பணம் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். வரிப் பகிர்வில் காட்டுப் பரப்புக்கு 14-ஆவது குழு 7.5 சதவீத மதிப்பும், 15-ஆவது குழு 10 சதவீத மதிப்பும் அளித்தன. காட்டைக் காட்டி வாங்கிய அந்தப் பணம் மாநிலக் கருவூலத்தின் பொதுக் கணக்கில் கலந்துவிடுகிறது. காடு நிற்கும் மாவட்டத்துக்கு அதில் ஒரு ரூபாயாவது போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தமிழக அரசு சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் தன் சொந்த நிதியில் இப்பணியைத் தொடர்ந்தது பாராட்டத்தக்கது. என்றாலும், ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கேட்டுப் பெறும் தொகை வேறு, உரிமையாக வரும் பங்கு வேறு.

பழைய திட்டங்களின் பணம் சாலைக்கும் கட்டடத்துக்கும் கரைந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் குறை உண்மை. அதற்கு மருந்து விதியைத் திருத்துவது, நிதியை நிறுத்துவதல்ல. நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியாகத் திட்டமிட்டு, மண் காப்பு, ஓடைக்கரை, சோலை மீட்பு ஆகியவற்றுக்கே முதல் செலவு என்று எழுதிவைத்தால் போதும். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூலையில் வயநாட்டில் ஊர்களே புதைந்தன. சாவு விழுந்த பிறகு நிவாரணத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் அரசுகள், சரிவைக் காக்கும் செலவில் கணக்குப் பார்ப்பது எனக்குப் பெரும் வேதனை.

இன்னொன்றும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கக் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்து காட்கில் குழு 2011-ல் அளித்த அறிக்கை வெளிவந்த பிறகு மலை விவசாயிகள் கொதித்தெழுந்தனர். கட்டுப்பாடு வருகிறது என்பது மட்டுமே அவர்கள் காதில் விழுந்தது. அதனால் வரும் இழப்பை யார் ஈடுகட்டுவார்கள் என்று அவர்கள் நம்பும்படி எவரும் சொல்லவில்லை. கையில் பணத்தோடு போயிருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

காட்டுக்காகக் கிடைக்கும் வரிப் பங்கில் ஒரு பகுதியை மலை மாவட்டங்களுக்கென்று பிரித்துக் கொடுக்கத் தமிழக அரசு டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பட்ஜெட்டிலேயே அதைச் செய்யட்டும்.