முயல் குட்டி பால் மறக்கும் காலம்



முழு ஆண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தப்போ, எங்க வகுப்பில் நாலு பேர் புதுசா முயல் வாங்கியிருக்கோம்னு சொன்னாங்க. ஒரு மாசம் கழிச்சுக் கேட்டா, ஒரு வீட்டில்தான் முயல் இருக்கு. மற்ற மூணு வீட்டிலும் குட்டி செத்துப்போச்சு. "கண்ணு பட்டுடுச்சு", "வெயில் தாங்கல", "பூனையைப் பார்த்துப் பயந்துடுச்சு" என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. நான் ஒவ்வொருத்தரிடமும் விசாரித்தேன். மூணு குட்டிக்கும் ஒரு விஷயம் பொதுவா இருந்தது. மூணுமே பிறந்து 4 வாரத்துக்கும் 7 வாரத்துக்கும் நடுவில், கழிச்சல் கண்டு செத்திருக்கு.

இது தற்செயல் இல்லை. முயலோட வாழ்க்கையிலேயே ஆபத்தான காலம் அதுதான். எங்க வீடு முத்தியால்பேட்டையில். மாடியில் கூண்டு வைத்து அம்மாவும் நானும் மூணு வருஷமா முயல் வளர்க்கிறோம். அதில் பார்த்ததையும், கால்நடை டாக்டர் சொன்னதையும், படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் 3 வாரம்: அம்மா போதும்

முயல் சுமார் 31 நாள் சினையாக இருக்கும். பிறக்கும்போது குட்டிக்கு ரோமம் இருக்காது, கண் திறந்திருக்காது. எடை ஏறக்குறைய 50 கிராம்தான். 10 முதல் 12 நாளில் கண் திறக்கும்.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுவாங்க. தாய் முயல் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ, 3 முதல் 5 நிமிஷம். மற்ற நேரமெல்லாம் குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எங்க ஆயா முதல் தடவை இதைப் பார்த்துட்டு, "இது என்ன கல்நெஞ்சக்காரி!" என்று திட்டினாங்க. ஆனா அது கல்நெஞ்சு இல்லை. காட்டில் தாய் வளைப்பக்கமே சுத்திக்கிட்டு இருந்தா நரிக்கு வழி தெரிஞ்சுடும். அதனால்தான் தள்ளியே இருக்கும்.

குட்டி பால் குடித்ததா என்று தெரிய வேண்டுமா? காலையில் வயிற்றைப் பாருங்க. உருண்டையாக, உடம்பு கதகதப்பாக இருந்தால் குடித்துவிட்டது என்று அர்த்தம். தாய் கொடுக்கலை என்று நினைத்துப் பசும்பாலை ஊற்றாதீங்க. பசும்பாலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு புரதமும் மூன்று மடங்கு கொழுப்பும் முயல் பாலில் இருக்கு. பால் சர்க்கரையோ மிகவும் குறைவு. பசும்பால் குட்டிக்குச் சத்தும் போதாது, வயிற்றுக்கும் ஒத்துக்காது.

வயிற்றுக்குள் ஒரு டியூட்டி மாற்றம்

சுமார் 18 நாளில் குட்டி பெட்டியை விட்டு வெளியே வந்து, தாய் தின்னும் புல்லைக் கொறிக்க ஆரம்பிக்கும். மூணாவது வாரம்தான் தாய்க்குப் பால் அதிகமாகச் சுரக்கிற நேரம். அதுக்கப்புறம் பால் நாளுக்கு நாள் குறையும், குட்டி தின்னும் தீனி கூடும். வெளியில் நமக்குத் தெரிவது இவ்வளவுதான். உள்ளே பெரிய வேலை நடக்குது.

நம்ம பள்ளிக்கூட கேட்டில் பகல் வாட்ச்மேன், இரவு வாட்ச்மேன் என்று இரண்டு பேர் இருக்காங்க இல்லையா? முயல் வயிற்றிலும் அப்படி இரண்டு காவல் உண்டு. பால் குடிக்கும் வயசில், பாலில் இருந்து வரும் சில கொழுப்பு அமிலங்கள் கிருமிகளை அடக்கி வைக்கும். வளர்ந்த பிறகு, இரைப்பையில் சுரக்கும் கடுமையான அமிலம் அந்த வேலையைச் செய்யும். வளர்ந்த முயலின் இரைப்பையில் அமிலத்தன்மை pH அளவில் 1 முதல் 2. பால்குடிக் குட்டிக்கு 5-க்கு மேல், அதாவது அமிலம் மிகவும் குறைவு.

பாலைச் சட்டென்று நிறுத்தினால் முதல் வாட்ச்மேன் வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டாவது வாட்ச்மேன் இன்னும் டியூட்டிக்கு வரவில்லை. கேட் திறந்து கிடக்கும். கெட்ட கிருமி உள்ளே நுழைவது அந்த இடைவெளியில்தான்.

இன்னொரு சங்கதியும் இருக்கு. முயலுக்குச் சிறுகுடல் முடிகிற இடத்தில் 'சீக்கம்' என்று ஒரு பெரிய பை உண்டு. அது இரைப்பையை விடப் பெரியது. அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லின் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன. குட்டியின் சீக்கத்தில் இந்த நுண்ணுயிர்கள் அப்போதுதான் குடியேறிக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தில் அரிசி, பிஸ்கட், ரொட்டி என்று மாவுச்சத்தைக் கொட்டினால் என்ன ஆகும்? குட்டிக்கு மாவைச் செரிக்கும் சக்தி இன்னும் முழுசா வரலை. செரிக்காத மாவு சீக்கத்துக்குப் போய்ச் சேரும். நல்ல நுண்ணுயிருக்குப் பதிலாக விஷம் கக்கும் கிருமி பெருகும். வயிறு ஊதும், நீராகக் கழியும். ஒன்றிரண்டு நாளில் குட்டி போய்விடும்.

அன்பாக ஊட்டின பிஸ்கட்தான் பாதி வீடுகளில் எமன்.

பிரான்சு தேசத்திலும் இதே கதை

நம்ம ஊர் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அவங்க தேசத்தில் முயலைப் பெரிய பெரிய பண்ணைகளில் வளர்க்கிறாங்க. 1996 கடைசியில் அந்தப் பண்ணைகளில் புதுசா ஒரு குடல் நோய் பரவியது. டாக்டர், மருந்து, நல்ல கூண்டு எல்லாம் இருந்தும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதிகம் செத்தது எது தெரியுமா? பால் மறந்த குட்டிகள்தான்.

அதுக்கப்புறம் அங்கே ஆராய்ச்சி செய்து ஒரு விஷயத்தைக் கண்டார்கள். பால் மறந்த முதல் சில வாரம் தீனியை வயிறு முட்டக் கொடுக்காமல், அளவைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் சாவு குறைகிறது. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று நம்ம பெரியவங்க சொன்னதுதான் இது! ஆனால் பட்டினி போடுவது என்று புரிந்துகொள்ளாதீங்க. குறைக்க வேண்டியது தானியத் தீனியை. காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கணும்.

எப்போது, எப்படிப் பிரிப்பது?

பண்ணைகளில் 4, 5 வாரத்திலேயே பிரித்துவிடுவார்கள். வீட்டில் நமக்கு அவசரம் இல்லை. 6 வாரம் வைத்திருப்பது நல்லது. நாங்கள் செய்யும் முறை இது:

1. 3-வது வாரம்: தாயின் தீனியையே குட்டிக்கும் எட்டுகிற மாதிரி தாழ்வாக வைப்போம். தண்ணீரும் தாழ்வான மண் கிண்ணத்தில்.

2. 4, 5-வது வாரம்: காய்ந்த புல் இஷ்டத்துக்கு. தானியத் தீனி ஒரு குட்டிக்கு ஒரு தேக்கரண்டி. பச்சை இலை ஒரே ஒரு வகை, அதுவும் ஒன்றிரண்டு இலைதான்.

3. 6-வது வாரம் முடிந்ததும்: குட்டிகளை எடுக்காமல், தாயை மட்டும் வேறு கூண்டுக்கு மாற்றுவோம். குட்டிகளுக்குப் பழகின கூண்டு, பழகின வாசனை, கூடப்பிறந்தவை எல்லாம் அப்படியே இருக்கும். அம்மா இல்லாத ஒரு குறைதான்.

4. அடுத்த 10 நாள்: தீனியில் எந்த மாற்றமும் கிடையாது. புது இலை எதுவும் தருவதில்லை.

5. 3 மாசம் ஆவதற்குள்: ஆண், பெண் தனித்தனி. இல்லாவிட்டால் சண்டையும் வரும், வேண்டாத நேரத்தில் சினையும் பிடிக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், அம்மா, இடம், தீனி மூன்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. கூடையில் வைத்து விற்கும் குட்டிக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் மாறிவிடுகிறது. அது 4 வாரக் குட்டியாகவும் இருந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

என்ன தீனி நல்லது?

படத்தில் முயல் என்றாலே கையில் கேரட்டோடுதான் வரைவாங்க. நீங்களும் "கேரட் கொடுத்தா போதும்" என்று சொல்வீங்க. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது போலத்தான்! கேரட்டில் சர்க்கரை அதிகம். வளர்ந்த முயலுக்கு ஒரு சின்ன வில்லை தரலாம். பால் மறக்கும் குட்டிக்கு வேணாம்.

நல்லவை: அருகம்புல், காய்ந்த மல்லாட்டைக் கொடி, வேலிமசால், கல்யாண முருங்கை இலை, அகத்தி, முருங்கைக்கீரை. இலைகளைப் பறித்த உடனே தராமல், அரை நாள் நிழலில் வாட்டித் தந்தால் வயிறு உப்பாது. தானியத் தீனிக்கு நாங்கள் கோதுமைத் தவிடு, உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் தாது உப்பு கலந்து வைத்துக்கொள்வோம்.

கூடாதவை: பெரிய மார்க்கெட்டில் ஒதுக்கிப் போடும் முட்டைக்கோஸ் இலை சும்மா கிடைக்குதே என்று மூட்டை கட்டாதீங்க. குட்டிக்கு வாயு பிடிக்கும். பனி ஈரத்தோடு அறுத்த புல், சோறு, இனிப்பு, ஊமத்தை, எருக்கு, அரளி எதுவும் ஆகாது. பூஞ்சை பிடித்த கொடியும் புண்ணாக்கும் கட்டாயம் கூடாது. பூஞ்சை விஷம் முயலின் ஈரலைக் கெடுத்துவிடும். மழைக்காலத்தில் நம்ம கடற்கரைக் காற்றில் தீனி சீக்கிரம் பூத்துப்போகும். மூடி போட்ட டப்பாவில் வையுங்க.

வெயிலையும் மறக்கக் கூடாது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கு. அங்கே வெள்ளை ஜெயண்ட், சோவியத் சிஞ்சில்லா இன முயல்களை வளர்க்கிறாங்க. அது குளிர்மலை. இங்கே மே மாச வெயிலில் முயல் தவித்துப்போகும், ஏன்னா அதுக்கு நம்மைப் போல வியர்க்காது. காது வழியாத்தான் சூட்டை வெளியேற்றும். நிழல், காற்று, கூண்டு மேல் ஈரச் சாக்கு, எந்நேரமும் தண்ணீர் வேணும். கடும் வெயிலில் தாயைப் பிரிப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க.

உங்களுக்குத் தெரியுமா?

* முயல் இரண்டு வகையாகப் புழுக்கை போடும். ஒன்று உருண்டையாகக் காய்ந்தது. இன்னொன்று மெத்தென்று திராட்சைக் கொத்து மாதிரி. இந்த இரண்டாவதை முயல் நேராக வாயால் எடுத்துத் தின்றுவிடும். சீக்கத்தில் உண்டான புரதமும் வைட்டமினும் அதில் இருக்கு. அசிங்கம் என்று தடுக்காதீங்க!

* தாய் முயல் பெட்டியில் விட்டுப்போகும் ஒன்றிரண்டு புழுக்கையைக் குட்டிகள் கொறிக்கும். நல்ல நுண்ணுயிர்கள் குட்டி வயிற்றுக்குப் போகும் வழிகளில் அதுவும் ஒன்று.

* நாம் வீட்டில் வளர்ப்பது ஐரோப்பாவில் இருந்து வந்த இனம். நம்ம காட்டு முயல் வேறு. அதன் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடு, கண் திறந்து பிறக்கும். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கழிச்சல் கண்டால்

தானியத்தையும் பச்சை இலையையும் உடனே நிறுத்துங்க. காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வையுங்க. நோய்ப்பட்ட குட்டியைத் தனியாக எடுத்து, கூண்டைக் கழுவி வெயிலில் காய வையுங்க. ரத்தக் கழிச்சல் நோய்க் கிருமி புழுக்கை வழியாகத்தான் மற்றதுக்குப் பரவும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் போங்க. குரும்பாபேட்டில் 1994-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி நம்ம ஊரிலேயே இருக்கு.

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீங்க. வீட்டில் மிச்சம் இருக்கும் மனுஷங்க மாத்திரையை உடைத்துப் போடாதீங்க. நமக்குக் காய்ச்சலுக்குத் தரும் அமாக்ஸிசிலின் போன்ற மருந்தை வாய் வழியாகத் தந்தால், சீக்கத்தில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று முயலையே கொன்றுவிடும்.

தோழர்களே! முயல் குட்டி வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்க. "வயசு எத்தனை வாரம்? இதுவரைக்கும் என்ன தீனி தின்னுது?" இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாதவங்களிடம் வாங்காதீங்க. கேட்கிறவங்க அதிகமானால், 4 வாரக் குட்டியைக் கூடையில் போடுவதும் தானாகக் குறையும்.

எங்க வீட்டில் இப்போ ஆறு குட்டி இருக்கு. நாலு வாரம் ஆகுது. வேணும் என்று ஏற்கெனவே ஐந்து பேர் சொல்லி வைத்திருக்கீங்க. இன்னும் நாலு வாரம் பொறுங்க. எட்டு வாரம் முடிந்த பிறகுதான் தருவேன். கூடவே 10 நாளைக்கு எங்க வீட்டுத் தீனியும் ஒரு பையில் கட்டித் தருவேன். பை மட்டும் நீங்க கொண்டு வாங்க!



– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி