‘நீட்ஃபுல்’ என்றால் எது?

கொக்குவில் சந்தியில் ஏதாவதொரு கொமினிக்கேசனில் நின்று, அங்கே தட்டச்சாகும் ஆங்கிலக் கடிதங்களைக் கவனித்துப் பாருங்கள், நேயர்களே. பல கடிதங்கள் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’, அதாவது ‘தயவுசெய்து வேண்டியதைச் செய்யுங்கள்’ என்றுதான் முடியும். இதைப் பிழை என்று வெட்டுபவர்கள் உண்டு. இலக்கணத்தில் பிழையே இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தானியக் கடிதங்களில் புழங்கிய தொடர் இது. அங்கே வழக்கொழிந்த பிறகும் இலங்கை, இந்தியக் கந்தோர்களில் நிலைத்துவிட்டது. இன்று லண்டனில் இருந்து வாசிப்பவருக்கு அது பழசாகவும், சிலவேளை கட்டளை போலவும் படும்.

அதைவிடப் பெரிய குறை, என்ன செய்ய வேண்டும் என்பதையே அது சொல்வதில்லை. வீதி விளக்கு எரியவில்லை என்று நல்லூர் பிரதேச சபைக்கு எழுதுகிறீர்கள். ‘நீட்ஃபுல்’ என்றால் மின்குமிழை மாற்றுவதா, ஆள் அனுப்பிப் பார்ப்பதா? ‘ப்ளீஸ் ரிப்பேர் த ஸ்ட்ரீட் லைட்’ என்று நேரே எழுதி, ஒழுங்கையின் பெயரையும் கம்பத்தின் இலக்கத்தையும் சேருங்கள். பாடசாலையில் விடுகைப் பத்திரம் கேட்பதென்றால், அதன் பெயரையே எழுதி, எந்தத் திகதிக்கு முன் வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். கையொப்பத்தின் கீழே தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும்.