எல்லாரும் வரவில்லை என்றால்?

எல்லாரும் வந்தாயிற்றா என்று பதிவேட்டைத் திறந்துகொண்டே ஆசிரியை கேட்கிறார். வகுப்புத் தலைவி எழுந்து, “எல்லாரும் வரல மிஸ்” என்கிறாள். நாற்பது பேரில் சிலர் வரவில்லையா, ஒருவருமே வரவில்லையா? அந்த வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

குறியீட்டுத் தர்க்கம் இடம் தராது. ‘எல்லாம்’ என்பதற்கு ∀, ‘ஒன்றாவது உண்டு’ என்பதற்கு ∃, ‘இல்லை’ என்பதற்கு ¬. ¬∀ என்றால், எல்லாரும் வந்தார்கள் என்பது பொய். ஒருவர் வராவிட்டாலே போதும். ∀¬ என்று இடம் மாறினால் வகுப்பே காலி. இரண்டையும் ‘எல்லாரும் வரவில்லை’ என்றே தமிழாக்கினால் பொருள் கெட்டுவிடும். முதலாவதை ‘வராதவர் ஒருவராவது உண்டு’ என்றும், மற்றதை ‘ஒருவரும் வரவில்லை’ என்றும் எழுத வேண்டும்.

‘எல்லாம்’, ‘சில’ ஆகியவற்றைக் கணிதம்போல் கையாளும் முறையை 1879இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஃப்ரேகே வெளியிட்டார். இன்றைய குறிகள் பிறகு வந்தவை: ∃ இத்தாலியரான பியானோ தந்தது; ∀ 1935இல் தர்க்கவியலாளர் கென்ட்சன் தந்தது.

ஆனால் ¬∀ எழுப்பும் சிக்கலை நம் இலக்கணிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். ‘எல்லாரும்’ என்பதில் உள்ள ‘உம்’ முழுமையைக் காட்டும் முற்றும்மை. அது சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்று நன்னூல் விதி வகுத்திருக்கிறது. எதிர்மறை வினை சேரும்போது, சிலர் வந்தார்கள் என்ற மிச்சம் உள்ளே நின்றுவிடுகிறது. எனக்கு இது பெரும் வியப்பு.

இன்னொன்றும் உண்டு. ‘முருகனும் வள்ளியும் செல்வியும் வந்தார்கள்’ என்பதில் வருவது எண்ணும்மை. ‘மூவரும் வந்தார்கள்’ என்பதில் முற்றும்மை. வேலை இரண்டு, இடைச்சொல் ஒன்றே. தர்க்கத்திலும் அப்படித்தான்: ஆட்கள் மூவரே என்றால், ∀ என்பது மூன்று வாக்கியங்களை ‘உம்’ போட்டுக் கோத்ததுதான். ‘முருகனோ வள்ளியோ’, ‘யாரோ’ என்ற ஓகார வரிசை அதேபோல் ∃ பக்கம் நிற்கிறது.

குறிகளின் வரிசையிலும் கவனம் வேண்டும். ∀ முதலில், ∃ பிறகு: ‘ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு.’ பத்துப் பூட்டு, பத்துச் சாவி இருக்கலாம். ∃ முதலில் வந்தால்: ‘எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரே சாவி உண்டு.’ ‘ஒரு’ என்பது ‘ஒரே’ ஆனதும் சாவிக்கொத்தே தேவையில்லை! ஓர் ஏகாரம் செய்யும் வேலை இது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் தர்க்கவியல் பாடமாக இருக்கிறது. முற்றும்மையைத் தமிழாசிரியர் நடத்துகிறார். கணித ஆசிரியர்களே, ∀ எழுதும் நாளில் அதன் பக்கத்திலேயே ‘உம்’ என்றும் எழுதிக் காட்டுங்கள்.