ஜர்னல் காப்பது எதை?

பனமரத்துப்பட்டி அரளி சேலம் பூ மார்க்கெட்டுக்கு வருகிறது. எடையும் விலையும் மண்டி கம்ப்யூட்டரில் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் வந்த மறுவிநாடி கரண்ட் போகிறது. விவசாயியின் கணக்கு வட்டில் இருக்குமா?

அந்த சாஃப்ட்வேரை எழுதியவர் கையில் இருக்கிறது அது. லினக்ஸில் எழுதப்படும் தரவு முதலில் ரேமில்தான் தங்கும். வட்டுக்கு இறங்க அரை நிமிடம்கூட ஆகலாம்.

2008 டிசம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் (மையப் பகுதி) 2.6.28 முதல் நிலையான பதிப்பாகக் கிடைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஜர்னல் என்ற பகுதி உண்டு. செய்யப்போகும் மாற்றம் முதலில் அதில் பதிவாகும். கரண்ட் திரும்பியதும் ஜர்னலைப் படித்து, முழுதாகப் பதிவானதை நிறைவேற்றிவிட்டு அரைகுறையை ஒதுக்கிவிடும். ஆனால் வழக்கமான அமைப்பில் ஜர்னலுக்குள் போவது கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் போன்ற விவரங்கள் மட்டுமே. கோப்பு முறைமை பிழைத்துக்கொள்ளும். அரளிக் கணக்கு பிழைக்குமென்ற உறுதி இல்லை.

அந்த உறுதியைத் தருவது 'எஃப்சிங்க்' என்ற கட்டளை. பழைய கோப்பின்மேல் எழுதாமல் புதிய பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, பழைய பெயருக்கு மாற்றி, ஃபோல்டரையும் எஃப்சிங்க் செய்ய வேண்டும். இதில் ஒரு படி விட்டாலும் ஆபத்துதான். பெரிய நிரலாளர்களே விடுகிறார்கள். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் உள்ளிட்ட குழு 2014-ல் கிட், மெர்க்குரியல், லெவல்டிபி உட்பட 11 மென்பொருள்களைச் சோதித்து 60 பலவீனங்களைக் கண்டுபிடித்தது.

கோப்பு முறைமையே தவறினால்? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் (ஆஸ்டின்) விஜய் சிதம்பரத்தின் குழு 2018-ல் 'கிராஷ்மங்கி'யைக் கொண்டு அதையும் சோதித்தது. சின்னச் சின்ன வேலைகளைச் செய்யவைத்து, நடுவில் கரண்ட் போனதுபோல் நிறுத்தி, மீண்டும் திறந்து பார்க்கும் கருவி அது. புழக்கத்தில் உள்ள லினக்ஸ் கோப்பு முறைமைகளில் 10 புதிய பிழைகள் சிக்கின. அவற்றில் 7, 2014 முதலே கெர்னலில் இருந்தவை. எஃப்சிங்க் செய்த பிறகும் கோப்பு காணாமல்போன நிலைகளும் அவற்றில் உண்டு.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கையிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வட்டுக்குள்ளும் சிறு கேஷ் (தற்காலிக நினைவகம்) உண்டு. எஃப்சிங்க் வரும்போது அதைக் காலி செய்யச் சொல்வது 'பேரியர்'. வேகம் கூடுமென்று 'நோபேரியர்' போட்டு அதை அணைத்துவிட்டால், கேஷுக்கு பேட்டரி பாதுகாப்பு இல்லாத சர்வரில், கேஷிலேயே நிற்கும் கணக்கை வட்டில் பதிந்துவிட்டதாகவே நிரல் நம்பும்.